வக்கீல் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டது, பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பலன் உண்டா?

குளத்தூரான்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2019-ல் புரோநோட் எழுதிக் கொடுத்து ஒருவரிடம் 2 லட்சம் வாங்கினார். வட்டியோடு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கடன் கொடுத்தவர் கையெழுத்து போட்ட ரசீதுகளும் இருந்தன. ஆனாலும் அந்த ஆள் 2021-ல் முழுத் தொகைக்கும் முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். சம்மன் வந்ததும் அப்பா உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பார்த்து ஃபீஸ் கொடுத்து, வக்காலத்தில் கையெழுத்து போட்டு, ரசீதுகளின் ஒரிஜினலையும் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "வாய்தா போட்டிருக்கு, நீங்க வரவேண்டாம், சாட்சி சொல்ல வேண்டியப்ப நானே கூப்பிடுறேன்."

போன வாரம் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. விசாரித்தால் 2022 கடைசியிலேயே எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது எங்கள் தரப்பு ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, ஆகியிருக்கிறது. பதிலுரையே தாக்கல் செய்யவில்லை. வக்கீல் ஆபீசுக்குப் போனால் குமாஸ்தா, "சார் ஹைகோர்ட் போயிருக்கார்" என்கிறார். வழக்குக் கட்டை (கேஸ் ஃபைலை) கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்கிறார். அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல். அந்த நோட்டீஸ் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, நாம்தான் ஏமாந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வக்கீல் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கப் போகிறேன். கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிலம் திரும்பக் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:
தம்பி, முதலில் அப்பாவிடம் நிலம் இன்னும் போகவில்லை என்று சொல்லுங்கள். ஏல நோட்டீஸ் வேறு, ஏலம் வேறு, ஏலத்தை கோர்ட் உறுதி செய்வது வேறு. இடையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் சிவில் கோர்ட்டில் வேலை பார்த்தவன். இந்த மாதிரி வருகிறவர்கள் எல்லோருமே கோபத்தில் முதலில் பார் கவுன்சிலுக்குத்தான் எழுதுவார்கள். அதற்குள் ஏல தேதி வந்துவிடும். பார் கவுன்சில் உங்கள் டிகிரியைத் தொடாது, தொட அதற்கு அதிகாரமும் கிடையாது. அது வக்கீலைத் தண்டிக்கிற இடம். நிலத்தைக் காப்பாற்றுகிற இடம் அதே முன்சீப் கோர்ட்தான்.

அதனால் நாளைக்கே கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். தீர்ப்பு, டிகிரி நகலோடு பி டைரி நகலும் கேளுங்கள். பி டைரியில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்ன நடந்தது என்று வரிவரியாக இருக்கும். பதிலுரைக்காக என்று எத்தனை தடவை தள்ளிப் போட்டார்கள், வக்கீல் எந்த தேதியில் வந்தார், எந்த தேதியில் கூப்பிட்டும் வரவில்லை, எல்லாம் அதில் தெரியும். இதுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டாலும் வாய்தா விவரம் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் தாக்கல் செய்ய சான்றிட்ட நகல்தான் வேண்டும்.

அப்புறம் வேறு வக்கீலை வைத்து, டிகிரியை ரத்து செய்யச் சொல்லி சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13-ல் ஒரு மனு. அதற்குக் கெடு டிகிரி தேதியிலிருந்து 30 நாள்தான். அது எப்போதோ தாண்டிவிட்டதால் லிமிடேஷன் சட்டம் பிரிவு 5-ல் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. கூடவே ஈ.பி.யில், அதாவது டிகிரியை நிறைவேற்றக் கேட்டு அவர் போட்டிருக்கும் மனுவில், ஏலத்தை நிறுத்தி வைக்க ஒரு மனு. இந்த மூன்றும் ஒன்றாகப் போகட்டும். கோர்ட் ஒரு தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

ரவி கோவை:
சிரஸ்தார் ஐயா சொல்வது சரிதான், ஆனால் பார் கவுன்சில் என்ன செய்துவிடும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1961-ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். புகாரை விசாரிக்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூன்று பேரும் வக்கீல்கள். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், இன்னொருவர் அவர்கள் சேர்த்துக்கொள்ளும் சீனியர். அந்த கவுன்சில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் வக்கீல்கள் போடுகிற ஓட்டுதான். நாளைக்கு ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய ஆளை இன்றைக்கு எப்படித் தண்டிப்பார்கள்? வக்கீலை வைத்துக்கொள்கிற கட்சிக்காரர் பக்கத்திலிருந்து அந்தக் குழுவில் ஒரு ஆள்கூட இல்லை.

இருந்த ஒரு வழி நுகர்வோர் கோர்ட். 2007-ல் தேசிய ஆணையம், வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. அப்புறம் அதற்குத் தடை வந்தது. கடைசியில் 2024 மே மாதம் டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், வராது என்று முடித்துவிட்டது. டாக்டர் மேல் 1995 முதல் நுகர்வோர் வழக்குப் போடலாம், வக்கீல் மேல் போடக் கூடாது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறார், அவர் சொல்வதை மீறி எதுவும் செய்ய முடியாது என்பது. குளத்தூரான் அப்பா மாதிரி ஆட்களை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் வேதனையாக இருக்கிறது. வக்கீல் ஆபீஸ் திண்ணையில் காத்திருந்து, அடுத்த வாய்தா எப்போது என்று குமாஸ்தாவிடம் கேட்கிற மனிதருக்கு என்ன கட்டுப்பாடு இருக்கிறது?

மதுரை வக்கீல்:
நானும் வக்கீல்தான், மதுரையில் பிராக்டீஸ். ரவி சார் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அந்தக் கட்டுப்பாடு வாதம் கீழ்க்கோர்ட் நடைமுறைக்குப் பொருந்தவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பார் கவுன்சிலால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லிவிட்டு உட்காருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல புகார்கள் தோற்பதற்கு முக்கியமான காரணம், அவற்றை எழுதுகிற விதம்.

சொல்கிறேன். வழக்கறிஞர் சட்டத்தின் பிரிவு 35 தண்டிப்பது தொழில் ஒழுங்கீனத்தை. சாதாரணக் கவனக்குறைவு மட்டும் ஒழுங்கீனம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது. அலட்சியத்தோடு நேர்மையின்மையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கோட்பாடு. 1997-ல் நம் சென்னையிலிருந்தே ஒரு வழக்கு போனது. அரசு வக்கீல் ஒருவர் பொறுப்பில் இருந்த வழக்குகளில் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனது. அலுவலகத்தில் கட்டு கைமாறாமல் போனதுதான் காரணம், அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை என்று அவரை ஒழுங்கீனத்திலிருந்து விடுவித்தது உச்ச நீதிமன்றம். "என் வக்கீல் ஆஜராகவில்லை, நான் தோற்றுவிட்டேன்" என்று மட்டும் புகார் எழுதினால் அவர் வந்து, "குமாஸ்தா டைரியில் தேதி தப்பாக எழுதிவிட்டார், எனக்கு உடம்பு சரியில்லை, வருந்துகிறேன்" என்று ஒரு பதில் போடுவார். புகார் அங்கேயே நின்றுவிடும். அந்த விசாரணையில் நிரூபணத் தரமும் கிட்டத்தட்ட கிரிமினல் வழக்கு மாதிரி, சந்தேகத்தின் பலன் வக்கீலுக்குப் போகும்.

உங்கள் கதையில் கவனக்குறைவைத் தாண்டி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, டிகிரி ஆன பிறகும் வழக்கு நடப்பதாகச் சொன்னது. அது பொய். கவனக்குறைவுக்கு விளக்கம் கொடுக்கலாம், பொய்க்கு விளக்கம் கிடையாது. இரண்டு, கட்டையும் ஒரிஜினல் ரசீதுகளையும் திருப்பித் தராதது. இதற்கு 2000-ஆம் வருடத்து ஆர்.டி. சக்சேனா தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. ஃபீஸ் பாக்கி இருந்தாலும்கூட கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, கேட்டும் தராமல் இருப்பதே ஒழுங்கீனம் என்றது கோர்ட். அந்த வழக்கில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டிருந்தது. அதுவரை இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாக இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது. இப்போது அந்தச் சாக்கை யாரும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் பதிவு செய்த ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு ஒரு கடிதம் போடுங்கள். என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி, அவற்றையும் கட்டையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு தேதி குறிப்பிடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். அவர் பொய் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

குளத்தூரான்:
இருக்கிறது சார். அப்பாவிடம் சாதா போன்தான், ஆனால் என் தம்பி வாட்ஸ்ஆப்பில் அவரிடம் அடிக்கடி கேட்டிருக்கிறான். 2023 பொங்கல் முடிந்து அனுப்பிய மெசேஜுக்கு, "கேஸ் ட்ரயலுக்கு வரல, அடுத்த மாசம் வாய்தா" என்று பதில். அதே வருடம் ஆடியில் மறுபடி கேட்டதற்கு, "ஜட்ஜ் லீவு, தள்ளிப் போயிருக்கு, இந்த தடவை குமாஸ்தாவுக்கு பேட்டா 500 ஜிபே பண்ணிடுங்க" என்று இருக்கிறது. அவனும் பணம் அனுப்பியிருக்கிறான். டிகிரி ஆகி அப்போது பல மாதம் ஆகிவிட்டது. இதை இன்றைக்குத்தான் தேதி வைத்துப் பார்த்தோம். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மதுரை வக்கீல்:
உங்கள் புகாரின் உயிரே இதுதான். முடிந்துபோன வழக்குக்கு வாய்தா என்று சொல்லிப் பணமும் வாங்கியிருக்கிறார். பி டைரி நகலில் உள்ள டிகிரி தேதியையும் இந்த மெசேஜ் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு வாதமே தேவையில்லை.

தம்பி போனை மாற்றாமல் இருக்கட்டும், அந்த சாட்டை அழிக்கக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்தால் போதாது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ல் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் புது வக்கீல் தயார் செய்துவிடுவார். ஜிபே பணம் போனதற்கு பாங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வையுங்கள்.

செல்வி தஞ்சை:
சகோ, நான் பார் கவுன்சில் வரை போய் வந்தவள், அதனால் எழுதுகிறேன். என் கணவர் விபத்தில் இறந்த பிறகு நஷ்டஈட்டு மனு போட்ட வக்கீல் ஆஜராகாமல் அதை டிஃபால்ட்டில் தள்ளுபடி ஆகவிட்டு, எங்களிடம் சொல்லவே இல்லை. மனுவை வேறு வக்கீல் மூலம் திரும்ப எடுக்க வைத்தோம், அது தனிக் கதை. புகாரையும் நான் விடவில்லை.

நிறைய பேர் சொல்லாத விஷயங்களைச் சொல்கிறேன். புகாரைத் தமிழிலேயே எழுதலாம், விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. கடுதாசி மாதிரி எழுதி அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். மனு வடிவத்தில், கையெழுத்து போட்டு, கோர்ட்டில் பிளெயின்ட்டுக்கு (வழக்கு மனுவுக்கு) கீழே எழுதுவது போல "மேலே சொன்னவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்ற சரிபார்ப்போடு, குறித்த கட்டணத்தையும் கட்டிக் கொடுக்க வேண்டும். சென்னை ஹைகோர்ட் வளாகத்தில்தான் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் ஆபீஸ். வக்கீலின் என்ரோல்மென்ட் எண் வேண்டும். எம்.எஸ். என்று தொடங்கும், வக்காலத்து நகலில் பார்க்கலாம். விசாரணைக்கு நீங்களே நேரில் ஆஜராகலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. இது முக்கியம், ஏனென்றால் உள்ளூர் பாரில் எனக்காக ஒருவர்கூட வக்காலத்து போட முன்வரவில்லை. நல்லவர்கள்கூட, "நாளைக்கு அவர் முகத்தில் முழிக்கணும்மா" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

முதல் கட்டத்தில் புகாரில் முகாந்திரம் இருக்கிறதா என்று கவுன்சில் பார்க்கும். இருந்தால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. எதிர்த்தரப்பு பதில் போட நேரம் கேட்கும், குழுவில் ஒருவர் வர முடியாமல் போகும். சட்டப்படி ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பிரிவு 36பி-யின்படி புகார் தானாகவே டெல்லியில் உள்ள பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போய்விடும். என் புகார் அப்படித்தான் போனது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டெல்லிக்கு ரயிலேறிப் போய்ச் சாட்சி சொல்வது எல்லோராலும் முடியுமா? பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் அஞ்சினப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில கவுன்சில்கள் ஒரு வருடக் கெடுவைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருங்கள்.

கடைசியில் அவருக்குக் கிடைத்தது கண்டனம் மட்டும்தான். புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவிலிருந்தே பெயரை நீக்கலாம், சட்டத்தில் உள்ளது இந்த நான்குதான். நஷ்டஈடு தர அங்கே வழி இல்லை. எனக்கு அந்த உத்தரவு போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆபீசில் கட்சிக்காரர்களுக்கு அவரே போன் செய்து தேதி சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஜூனியர் 2018:
எல்லா வக்கீலையும் ஒரே கூடையில் போடாமல் பேசுகிறீர்கள், அதற்கு நன்றி. நான் தாலுகா கோர்ட்டில் இருக்கிறேன். ஒரே நாளில் முன்சீப், சப், மாஜிஸ்திரேட் என்று மூன்று கோர்ட்டில் கேஸ் இருக்கும், கூப்பிடும்போது வேறு கோர்ட்டில் நிற்போம். கட்சிக்காரர்களும் வக்காலத்தில் கையெழுத்து போட்டுவிட்டுத் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள், நம்பர் மாறிவிடும், பதிலுரைக்கு விவரம் கேட்டால் ஆள் கிடைக்க மாட்டார்.

அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி, ஏற்றுக்கொண்ட வழக்கிலிருந்து தகுந்த காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது. கட்சிக்காரரைப் பிடிக்கவே முடியாவிட்டால் கோர்ட்டில் "நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" (கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை) என்று மெமோ போடலாம். அப்படிப் போட்டால் கோர்ட் உடனே எக்ஸ்பார்ட்டி ஆக்கக் கூடாது, கட்சிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மல்கியத் சிங் வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. குளத்தூரான், பி டைரியில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் அந்த மெமோ போட்டு, கோர்ட் அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பாமல் விட்டிருந்தால் டிகிரியை ரத்து செய்ய அதுவே பலமான காரணம்.

வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்த பாய்காட் நாளில் எக்ஸ்பார்ட்டி ஆனதா என்றும் பாருங்கள். 2002 ஹரீஷ் உப்பல் தீர்ப்புப்படி வக்கீல்களுக்கு ஸ்ட்ரைக் உரிமையே இல்லை. வக்காலத்து வாங்கிக்கொண்டு ஸ்ட்ரைக் என்று வராமல் போனால் கட்சிக்காரருக்கு ஆகும் நஷ்டத்துக்கு அந்த வக்கீல் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கே இதைச் சொன்னால் பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:
தம்பி, ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தாமத மன்னிப்பு மனுவின் அஃபிடவிட்டைக் கையெழுத்து போடுவதற்கு முன் வரிவரியாகப் படித்து அப்பாவுக்கும் சொல்லுங்கள். என் சர்வீஸில் நான் பார்த்த இந்த மாதிரி அஃபிடவிட்டுகளில் எண்ணி மாளாத அளவு மஞ்சள் காமாலை. "மனுதாரர் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக இருந்து நாட்டு மருந்து சாப்பிட்டு வந்ததால் தன் வக்கீலைச் சந்திக்க முடியவில்லை" என்று எல்லோருக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். வக்கீல் மேல் பழி போடக் கூடாது என்பதற்காகப் புது வக்கீல் பழைய வக்கீலுக்குச் செய்கிற தொழில் மரியாதை அது.

நீங்கள் அதற்குச் சம்மதிக்கவே கூடாது. ஜட்ஜ்கள் அதை ஆயிரம் தடவை பார்த்துவிட்டார்கள், மெடிக்கல் சர்டிபிகேட் எங்கே என்று கேட்பார்கள். அதைவிட மோசம், அப்பா சத்தியம் செய்து "உடம்பு சரியில்லாததால் வக்கீலைப் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டால் பார் கவுன்சில் புகார் அன்றைக்கே செத்துவிடும். அந்த வக்கீல் இந்த அஃபிடவிட்டின் நகலை எடுத்துப் போய், "தவறு கட்சிக்காரர் மேல்தான், அவரே சொல்லியிருக்கிறார்" என்று நீட்டுவார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். மெசேஜ்களையும் ஆவணமாக இணைக்கச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற வக்கீல் வேண்டாம், பக்கத்து மாவட்டத்தில் ஆள் பாருங்கள்.

கோர்ட் இதை எப்படிப் பார்க்கும் என்றால், 1981-ல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீலை வைத்து ஃபீஸும் கொடுத்த கிராமத்து மனிதர் அந்த வக்கீல் வராததற்கு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்டு வழக்கைத் திரும்ப எடுத்தது. செலவுத்தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்கவும் சொன்னது. 1987 காதிஜி தீர்ப்பும் தாமதத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் வக்கீல் மேல் போட்டுவிட்டுத் தப்ப முடியாது, கட்சிக்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ரஜ்னீஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைக் கண்டிப்பாகக் காட்டும். உங்கள் தம்பி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த மெசேஜ்கள்தான் அதற்குப் பதில். நீங்கள் தூங்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

யாழ் வாசகன்:
இலங்கையில் நடைமுறை வேறு மாதிரி, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன். எங்கட நாட்டில் சட்டத்தரணியை (வக்கீலை) இடைநிறுத்துவதும் பெயரை நீக்குவதும் கொழும்பில் இருக்கிற உயர் நீதிமன்றம்தான், இங்க நாட்டின்ர அதியுயர் மன்றம் அது. 1978-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி மூன்று நீதியரசர்கள் இருந்து தீர்மானிப்பார்கள். 1988-ல் வந்த ஒழுக்க விதிகளும் இருக்கின்றன. சத்தியக்கடதாசியோட (அஃபிடவிட்) முறைப்பாடு போக வேணும். காலம் எடுக்கிறது இங்கேயும் உண்டு, ஊர்ச் சனத்துக்குக் கொழும்புக்குப் போய்வாறதும் லேசில்லை. ஆனால் முடிவு எடுக்கிறவர்கள் அதே தொழிலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இல்லை, நீதிபதிகள். அது சனத்துக்கு ஒரு நம்பிக்கை.

ரவி கோவை:
நான் கேட்பதும் அதுதான். வக்கீல்கள் இருக்கட்டும், கூடவே ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியும் வெளியாள் ஒருவரும் அந்தக் குழுவில் உட்காரட்டும். 2025 பிப்ரவரியில் வழக்கறிஞர் சட்டத் திருத்த வரைவு ஒன்று வந்தது, நாடு முழுக்க வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள், ஒன்றிய அரசு வாபஸ் வாங்கிவிட்டது. அந்த வரைவில் கோளாறு இல்லை என்று சொல்லவில்லை. பார் கவுன்சிலுக்குள் அரசு தன் ஆட்களை நியமிக்கலாம் என்றதை நானும் ஏற்கவில்லை. ஆனால் கட்சிக்காரருக்கு ஏற்படும் நஷ்டத்தைப் பற்றிய பேச்சும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

மதுரை சார், நஷ்டஈடு கேட்க வழியே இல்லையா?

மதுரை வக்கீல்:
சிவில் கோர்ட் இருக்கிறது. 1926-லேயே வந்த வழக்கறிஞர் கட்டணச் சட்டம் என்று ஒரு சின்னச் சட்டம், அதன் 5-ஆவது பிரிவு, வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காகக் கவனக்குறைவு வழக்கிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்கிறது. டி.கே. காந்தி தீர்ப்பு மூடியது நுகர்வோர் கோர்ட் கதவை மட்டும்தான். நடைமுறையில் கோர்ட் கட்டணம், காலம், மறுபடி ஒரு வக்கீல் என்று அது கடினமான பாதை என்பதை ஒத்துக்கொள்கிறேன். குளத்தூரான் விஷயத்தில் டிகிரி ரத்தாகிவிட்டால் நஷ்டமே குறைந்துவிடும், அதனால் அந்த யோசனை இப்போது வேண்டாம்.

செலவுக்குச் சிரமம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள்.

குளத்தூரான்:
ஒரு அப்டேட். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா வக்கீலாகக் கிடைத்தார்கள், நடந்ததை அப்படியே எழுதினார்கள். பழைய வக்கீல் நோ அப்ஜெக்ஷன் தரவில்லை, கோர்ட் அனுமதியோடு வக்காலத்தை மாற்றினோம். மூன்று மனுவும் தாக்கல் ஆகிவிட்டன. ஏலத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது, டிகிரி தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டோம். அப்பா நேற்று வயலுக்குப் போய் வந்தார்.

பி டைரியில் நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் மெமோ எதுவும் இல்லை. "பதிலுரைக்காக" என்று தொடர்ந்து தள்ளிப் போட்டு, கடைசி வாய்ப்பு என்று எழுதி, அப்புறம் "அழைக்கப்பட்டார், ஆஜரில்லை" என்று முடிந்திருக்கிறது. கடைசி நான்கு வாய்தாவுக்கும் வக்கீல் வரவே இல்லை.

இப்போது ஒரு குழப்பம். கட்டைத் திருப்பிக் கேட்ட கடிதம் போய்ச் சேர்ந்ததும் குமாஸ்தா போன் செய்தார். கட்டு, ரசீது எல்லாம் கிடைத்துவிட்டதாம், வந்து வாங்கிக்கொள்ளலாமாம். ஆனால் "வழக்கை நல்லபடியாக நடத்தினார், அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை" என்று அப்பா ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமாம். ரசீது இல்லாமல் டிகிரி ரத்தானாலும் வழக்கு நிற்காது. அப்பா, "எழுதிக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்துருவோம், நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். என்ன செய்வது?

செல்வி தஞ்சை:
எழுதிக் கொடுக்காதீர்கள். எனக்கும் இதே மாதிரி சமரசப் பேச்சு வந்தது, பணத்தோடு வந்தது. புகார் கொடுத்த பிறகு நாமே வாபஸ் வாங்கினாலும், சமரசம் ஆனாலும், அந்த ஒரே காரணத்துக்காகப் புகாரைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆனால் புகார் கொடுப்பதற்கு முன்னாலேயே அப்பா கையெழுத்தில் இப்படி ஒரு கடிதம் அவர் கைக்குப் போய்விட்டால், அதை வைத்து டிகிரி ரத்து மனுவிலும் எதிர்த்தரப்பு விளையாடும்.

மதுரை வக்கீல்:
செல்வி அம்மா சொன்னதுதான் சரி. அந்தப் போன் அழைப்பு தேதி, நேரம் எல்லாம் குறித்து வையுங்கள். ஆவணத்துக்கு ஈடாகக் கடிதம் கேட்பதும் கட்டைப் பிடித்து வைப்பதுதான். உங்கள் புது வக்கீல் அம்மா மூலமாகவே இன்னொரு கடிதம் போகட்டும், "தாங்கள் ஆவணங்களைத் தருவதாகத் தங்கள் குமாஸ்தா இந்தத் தேதியில் தெரிவித்தார், இந்த நாளில் வந்து பெற்றுக்கொள்கிறோம்" என்று மட்டும். போகும்போது இரண்டு பிரதி ரசீது எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு ஆவணமும் தேதியோடு, ஒரிஜினலா நகலா என்ற குறிப்போடு இருக்கட்டும். "மேற்கண்டவை பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரிக்குக் கீழே அப்பா கையெழுத்து, வேறு எந்த வாசகமும் வேண்டாம். தராமல் திருப்பி அனுப்பினால் அதையும் அன்றைக்கே புகாரில் சேர்த்துவிடலாம், ரசீதுகளைக் கோர்ட்டில் காட்டச் சொல்லி அவருக்கே சம்மன் அனுப்பவும் மனு போடலாம்.

குளத்தூரான்:
சரி சார். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை தம்பியும் நானும் போகிறோம், வக்கீல் அம்மா ஜூனியரையும் கூட அனுப்புகிறேன் என்றிருக்கிறார்கள். புகார் மனு தமிழில் தயாராக இருக்கிறது, கட்டு கையில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வாரமே சென்னைக்குப் போகிறது.